‘கொடுத்துப் பார்ப்போம், என்ன ஆகிடப்போகுது?’: ஸ்டெம் செல் நோயாளிகளிடம் அசித்ரோமைசின் தோற்ற கதை

தொண்டை வலி, சளி, ரெண்டு நாள் காய்ச்சல். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் போய் நின்றால் பல நேரம் கைக்கு வருவது அசித்ரோமைசின் 500. ஒரு நாளைக்கு ஒண்ணு, மூணு நாள். டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. 2019இல் இந்தியத் தனியார் சந்தையில் விற்ற ஆன்டிபயாடிக்குகளை அலசிய ஆய்வு ஒன்று, 2022இல் லான்செட் குழும இதழில் வெளியானது. அதிகம் பயன்படுத்தப்பட்ட மருந்து வடிவம் என்று அந்தப் பட்டியலின் உச்சியில் இருந்தது இதே 500 மில்லிகிராம் மாத்திரைதான்.

இவ்வளவு பழகிய, இவ்வளவு மலிவான, ‘இது ஒண்ணும் பண்ணாது’ என்று எல்லோரும் நம்பும் மாத்திரை அது. அதே மாத்திரையை வைத்து பிரான்ஸில் நடந்துகொண்டிருந்த ஒரு மருந்து ஆய்வு, 2016 டிசம்பர் 26 அன்று பாதியில் நிறுத்தப்பட்டது. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பெற்றவர்களின் நுரையீரலைக் காப்பாற்றத்தான் அதைக் கொடுத்தார்கள். ஆனால் மாத்திரை சாப்பிட்டவர்களில் கூடுதலானோருக்குப் புற்றுநோய் திரும்ப வந்துகொண்டிருந்தது.

மருத்துவ உலகில் இது பழைய செய்தி. ஆனாலும் அதை மறுபடி எடுத்துப் பேசக் காரணம் இருக்கிறது. ‘கொடுத்துப் பார்ப்போம், என்ன ஆகிடப்போகுது’ என்பது இங்கே டாக்டர் அறையிலும் கேட்கும், வாட்ஸ்அப் குரூப்பிலும் கேட்கும். அந்தக் கேள்விக்கு, ‘என்ன ஆகும்’ என்று எண்ணிக்கையோடு பதில் கிடைத்த அபூர்வமான சம்பவங்களில் இது ஒன்று.

நுரையீரலுக்கு என்ன ஆகிறது?

ரத்தப் புற்றுநோய் வந்தவருக்கு, கீமோதெரபியால் மட்டும் நோயை அடக்க முடியாது என்ற நிலையில், இன்னொருவரின் ஸ்டெம் செல்லைச் செலுத்துவார்கள். பழைய பெயர் எலும்பு மஜ்ஜை மாற்று. இதில் ரத்த உற்பத்தி மட்டும் மாறுவதில்லை. கொடையாளரின் நோய் எதிர்ப்பு அமைப்பே புதிதாகக் குடியேறுகிறது. உடலில் எங்காவது மிச்சம் மீதி இருக்கும் புற்றுச் செல்களை அந்தப் புதிய படை தேடிப் பிடித்து அழிக்கும். சிகிச்சையின் பாதி பலமே அதுதான்.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. புதிதாக வந்த படைக்கு, குடியிருக்கும் உடம்பே அந்நியம். தோல், குடல், கல்லீரல், கண், வாய் என்று எதையும் அது தாக்கலாம். இதற்கு கிராஃப்ட் வெர்சஸ் ஹோஸ்ட் நோய் என்று பெயர். அந்தத் தாக்குதல் நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக்குழாய்களுக்குப் போனால், அவை வீங்கி, தழும்பேறி, மெல்ல மெல்ல அடைத்துக்கொள்ளும். பிராங்கியோலைட்டிஸ் ஆப்லிட்டரன்ஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். கொடையாளரிடமிருந்து ஸ்டெம் செல் பெற்றவர்களில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கு இது வருகிறது.

எண்ணிக்கை சின்னதுதான். வந்துவிட்டால் நிலைமை அப்படி இல்லை. தழும்பேறிய குழாய் பழையபடி திறப்பதில்லை. சிகிச்சையின் நோக்கமே, இருக்கிற மூச்சை மேலும் இழக்காமல் பிடித்து வைப்பதுதான். இதில் கொடுமை என்னவென்றால், ஆரம்பத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. மாடிப்படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்கும். வறட்டு இருமல் இருக்கும். ‘சிகிச்சை முடிஞ்ச களைப்பு’ என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும்போதே நுரையீரலின் கணிசமான திறன் போயிருக்கும். புற்றுநோயை ஜெயித்து வந்தவர், இரண்டு வருடம் கழித்து ஆக்ஸிஜன் சிலிண்டரோடு உட்கார்ந்திருக்க நேரிடலாம்.

வந்த பிறகு சரிசெய்ய முடியாத ஒன்றை வராமலே தடுத்தால் என்ன என்று டாக்டர்கள் யோசித்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

ஏன் அசித்ரோமைசின்?

இந்தத் தேர்வு குருட்டாம்போக்கில் நடந்ததல்ல. அசித்ரோமைசின் சேர்ந்த மருந்துக் குடும்பத்துக்கு மேக்ரோலைடு என்று பெயர். கிருமியைக் கொல்வதோடு அழற்சியையும் தணிக்கும் குணம் அதற்கு உண்டு. 1980களில் ஜப்பானில், சிறு காற்றுக்குழாய்களைத் தாக்கும் வேறொரு நோய்க்கு, அதே குடும்பத்தைச் சேர்ந்த எரித்ரோமைசினைக் குறைந்த அளவில் நீண்ட நாள் கொடுத்தார்கள். உயிர் பிழைப்பவர்களின் விகிதம் பெரிய அளவில் உயர்ந்தது.

அடுத்தது நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை. அங்கேயும் இதேபோல் காற்றுக்குழாய் அடைத்துக்கொள்ளும் பிரச்சினை உண்டு. பெல்ஜியத்தில் 83 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், முன்கூட்டியே அசித்ரோமைசின் எடுத்தவர்களில் 12.5 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 44.2 சதவீதம் பேருக்கும் அந்தப் பிரச்சினை வந்தது. இதைப் பார்த்த எந்த டாக்டருக்கும் கை பரபரக்கத்தான் செய்யும்.

ஸ்டெம் செல் நோயாளிகளிடமும் நம்பிக்கையூட்டும் சிறு தகவல் இருந்தது. சவுதி அரேபியாவில், காற்றுக்குழாய் அடைப்பு ஏற்கெனவே வந்துவிட்ட 8 பேருக்கு அசித்ரோமைசின் கொடுத்ததில் மூச்சுத் திறன் கூடியதாக 2005இல் ஒரு கட்டுரை வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மறுதரப்பு இல்லாத 8 பேர். பின்னர் ஹாங்காங்கில் 22 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்து, மறுபாதிக்கு வெற்று மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆனால் 22 பேர் என்பதும் எதையும் முடிவுகட்டப் போதாத எண்ணிக்கைதான். அதனால் நம்பிக்கை அப்படியே நீடித்தது. பல மருத்துவமனைகள் காற்றுக்குழாய் அடைப்பு வந்தவர்களுக்கு இதைக் கொடுத்தும் வந்தன.

மலிவு, பழக்கமான மருந்து, பெரிய பக்கவிளைவு இல்லை, கொள்கை அளவில் பொருந்துகிறது, பக்கத்து நோயில் வேலை செய்திருக்கிறது. ஒரு மருந்தைச் சோதிக்காமலே எல்லோருக்கும் எழுதிக் கொடுக்க இதைவிட வசதியான சூழல் அமையாது.

480 பேர், இரண்டு வருடம்

பிரான்ஸ் டாக்டர்கள் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாமல் சோதித்தார்கள். பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையின் நுரையீரல் நிபுணர் ஆன் பெர்ஜரோன் தலைமையில், நாட்டின் 19 மையங்கள் கைகோத்தன. ஆய்வின் பெயர் அலோசித்ரோ. 2014 பிப்ரவரிக்கும் 2015 ஆகஸ்ட்டுக்கும் இடையே 480 நோயாளிகள் சேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் இரண்டு குழு. ஒரு குழுவுக்கு வாரம் மூன்று முறை 250 மில்லிகிராம் அசித்ரோமைசின். மற்றதுக்கு அதே மாதிரி தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. மாற்று சிகிச்சைக்கு உடலைத் தயார்படுத்தும் கட்டத்திலேயே தொடங்கி, இரண்டு வருடம் கொடுப்பது திட்டம். யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது நோயாளிக்கும் தெரியாது, சிகிச்சை தரும் டாக்டருக்கும் தெரியாது.

நிறுத்த வேண்டி வந்தபோதும் எந்தக் குழு எது என்று திறந்து பார்த்திருக்கவில்லை. ஒரு பக்கம் நோய் திரும்புவது அதிகமாக இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. மாத்திரையை நிறுத்தினார்கள். முடிவுகள் 2017 ஆகஸ்ட்டில் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியாயின.

அசித்ரோமைசின் குழுவில் 77 பேருக்கு, அதாவது 32.9 சதவீதம் பேருக்கு, புற்றுநோய் திரும்பியிருந்தது. வெற்று மாத்திரைக் குழுவில் 48 பேருக்கு, 20.8 சதவீதம். இரண்டு வருட முடிவில் உயிரோடு இருந்தவர்கள் மருந்துக் குழுவில் 56.6 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 70.1 சதவீதம்.

சரி, நுரையீரலாவது பிழைத்ததா? அதுவும் இல்லை. காற்றுக்குழாய் அடைப்பு மருந்துக் குழுவில் 15 பேருக்கு வந்தது, வெற்று மாத்திரைக் குழுவில் 7 பேருக்கு. மூச்சுத் திறன் குறையாமல் இரண்டு வருடத்தைக் கடந்தவர்கள் மருந்துக் குழுவில் 32.8 சதவீதம், மறுபக்கம் 41.3 சதவீதம். எதைத் தடுக்கக் கொடுத்தார்களோ அதைக்கூடத் தடுக்கவில்லை.

2018 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ எச்சரிக்கை வெளியிட்டது. கொடையாளர் ஸ்டெம் செல் பெற்ற ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு, காற்றுக்குழாய் அடைப்பைத் தடுப்பதற்காக அசித்ரோமைசினை நீண்ட நாள் கொடுக்கக் கூடாது என்றது. அந்த அறிவிப்பில் இருந்த இறப்புக் கணக்கு: மருந்துக் குழுவில் 95, மறுபக்கம் 66.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு முழு விளக்கம் இன்னும் இல்லை. 2022இல் ‘பிளட்’ இதழில் வந்த பிரெஞ்சு ஆய்வு, இதே நோயாளிகளின் ரத்த மாதிரிகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தது. புற்றுச் செல்லை வேட்டையாட வேண்டிய டி செல்கள் களைத்துப்போன நிலைக்குத் தள்ளப்பட்டிருப்பதாக அது காட்டியது. அழற்சியைத் தணிக்கும் என்று கொண்டாடிய குணமே, புதிய படையின் கையைக் கட்டிப்போட்டிருக்கலாம்.

சோதிக்காமல் விட்டிருந்தால்?

மேலே இருக்கும் எண்களைவிட யோசிக்க வேண்டிய விஷயம் இது.

அலோசித்ரோ நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மருத்துவமனையில் வருடத்துக்கு 50 பேருக்குக் கொடையாளர் ஸ்டெம் செல் மாற்று நடக்கிறது. எல்லோருக்கும் அசித்ரோமைசின் கொடுக்கிறார்கள். 20.8 சதவீதம் என்ற கணக்கில் 10 பேருக்கு நோய் திரும்ப வேண்டிய இடத்தில், 16 பேருக்குத் திரும்புகிறது. யாருக்காவது சந்தேகம் வருமா? வராது. ஏனென்றால் இந்த நோய் திரும்பக்கூடியதுதான் என்பது டாக்டருக்கும் தெரியும், குடும்பத்துக்கும் தெரியும். ‘இந்த வருஷம் வந்த கேஸ் எல்லாமே கொஞ்சம் சீரியஸ்’ என்று ஒரு விளக்கம் கிடைத்துவிடும். ‘விதி’ என்று இன்னொரு விளக்கம் வீட்டில் கிடைக்கும். கிருமிக்காகவும் மூச்சுக்காகவும் கொடுத்த ஒரு சாதாரண மாத்திரையின் பக்கம் யாருடைய பார்வையும் போகாது.

எஃப்டிஏ குறிப்பிட்ட இன்னொரு விவரம் இதை மேலும் கனமாக்குகிறது. முதல் சில மாதங்களில் இரு குழுவிலும் இறப்பு ஒரே மாதிரிதான் இருந்தது. அதன் பிறகுதான் இடைவெளி தெரிய ஆரம்பித்து, இரண்டு வருடம் வரை நீடித்தது. மூன்று மாதம் கொடுத்துப் பார்த்து ‘பிரச்சினை இல்ல, தாங்குது’ என்று முடிவெடுத்திருந்தால், ஆபத்து அதற்குப் பிறகு வந்திருக்கும்.

பக்கவிளைவு என்றால் வாந்தி, அரிப்பு, மயக்கம் என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். மாத்திரை போட்டதும் தடிப்பு வந்தால் சண்டைக்குப் போகலாம். ஏற்கெனவே இருக்கும் நோயே கொஞ்சம் அதிகமாகத் திரும்புவதுதான் பக்கவிளைவு என்றால், தனித்தனி ஆளைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. 16 பேரில் எந்த 6 பேர் கூடுதல் என்று யாராலும் கை நீட்டிக் காட்ட முடியாது. மருந்து எடுக்காத ஒரு கூட்டத்தைப் பக்கத்தில் நிறுத்தி எண்ணினால் மட்டும்தான் தெரியும்.

கோவிட் காலம் நினைவிருக்கும். வீட்டுத் தனிமையில் இருந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டுகளில் அசித்ரோமைசின் இல்லாதது அபூர்வம். பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு அதையும் குலுக்கிப் பிரித்து எண்ணிப் பார்த்தது. மருத்துவமனையில் சேர்ந்த 7,763 பேரில் அசித்ரோமைசின் பெற்றவர்கள் 22 சதவீதம் பேர் 28 நாளுக்குள் இறந்தார்கள். பெறாதவர்களும் 22 சதவீதம். ‘எனக்கு கேட்டுச்சு’ என்று சொன்ன லட்சக்கணக்கானவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு மாத்திரை இல்லாமலும் சரியாகியிருக்கும் என்பதை அவர்களே தெரிந்துகொள்ள வழி இல்லை, அவ்வளவுதான்.

15 பேரில் 10 பேர்

அசித்ரோமைசினை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமில்லை. ஸ்டெம் செல் மாற்றுக்குப் பிறகு வரும் இன்னொரு நுரையீரல் பிரச்சினையிலும் கிட்டத்தட்ட இதே பாடம் வேறு வடிவத்தில் வந்தது.

மாற்று சிகிச்சை முடிந்த முதல் சில மாதங்களில், கிருமித் தொற்று எதுவும் இல்லாமலே சிலருக்கு நுரையீரல் முழுக்க அழற்சி பரவும். இடியோபதிக் நிமோனியா சிண்ட்ரோம் என்று பெயர். பலரை உயிரோடு விடாத நோய். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் எட்டானர்செப்ட் என்ற ஊசியை இதற்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 2008இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 15 பேரில் 10 பேர் ஆக்ஸிஜன் உதவி இல்லாமல் மூச்சுவிடும் நிலைக்கு வந்திருந்தார்கள். இவ்வளவு கொடிய நோயில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் பெரிய விஷயம்.

அடுத்து முறையான ஒப்பீட்டு ஆய்வு. இரு குழுவுக்கும் ஸ்டீராய்டு உண்டு. ஒரு குழுவுக்குக் கூடுதலாக எட்டானர்செப்ட், மற்றதுக்கு வெற்று ஊசி. 2014இல் முடிவு வந்தது. எட்டானர்செப்ட் பெற்ற 16 பேரில் 10 பேருக்குப் பலன். வெற்று ஊசி பெற்ற 18 பேரில் 12 பேருக்குப் பலன்.

முதல் ஆய்வில் 15க்கு 10 என்பதை மட்டும் பார்த்தவர்களுக்கு அது மருந்தின் வெற்றியாகத் தெரிந்தது. இரண்டாவது ஆய்வில், ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களிடமும் அதே மூன்றில் இரண்டு பங்கு.

இதில் முக்கியமான ஒரு ‘ஆனால்’ இருக்கிறது. அந்த ஆய்வுக்கு 120 பேர் தேவை என்று திட்டமிட்டிருந்தார்கள். 34 பேரோடு நின்றுபோனது. ஆள் சேரவில்லை. அதனால் எட்டானர்செப்ட் பயனற்றது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. கேள்வி கேள்வியாகவே இருக்கிறது. அபூர்வமான நோய், அவசர நிலையில் இருக்கும் நோயாளி, சில மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டிய குடும்பம். இந்தச் சூழலில் ஆய்வுக்கு ஆள் சேர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அதோடு, ஆய்வில் சேராமலே அந்த ஊசி கிடைக்கும் என்றால் குலுக்கலில் யார் பெயர் கொடுப்பார்கள்?

பிரான்ஸில் ஒன்றரை வருடத்தில் 480 பேர் சேர்ந்ததன் மதிப்பு இந்த ஒப்பீட்டில்தான் தெரிகிறது. ஒரே மருத்துவமனை அதைச் செய்திருக்க முடியாது. 19 இடங்களில் ஒரே விதியைப் பின்பற்றினார்கள்.

‘எங்க ஆளு என்ன சோதனை எலியா?’

இந்தக் கேள்வியைக் கேட்கும் குடும்பத்தைக் குறைசொல்லக் கூடாது. வார்டுக்கு வெளியே நிற்கும் அப்பாவிடம் போய், ‘உங்க மகளுக்கு மருந்து கிடைக்கலாம், வெறும் மாத்திரையும் கிடைக்கலாம், எங்களுக்கே தெரியாது’ என்று சொன்னால் அவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். இந்தியாவில் அந்த அவநம்பிக்கைக்குக் காரணமும் இருக்கிறது. சரியான ஒப்புதல் வாங்காமல் ஏழைகளிடம் மருந்துச் சோதனை நடந்ததாக எழுந்த புகார்களில், 2013இல் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. இன்றைக்கு ஆய்வுகளை அரசுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்வது 2009 முதல் கட்டாயம். 2019 விதிகளின்படி நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், ஆய்வால் பாதிப்பு வந்தால் இழப்பீடு உண்டு. விதி காகிதத்தில் இருப்பதும் வார்டில் நடப்பதும் ஒன்றுதானா என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு நிச்சயம் இருக்கிறது.

ஆனால் ‘வெற்று மாத்திரை கிடைத்தவர் ஏமாந்தவர்’ என்ற எண்ணத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். அலோசித்ரோவில் குலுக்கலில் மருந்து ‘கிடைக்காதவர்கள்’தான் அதிகம் பிழைத்தார்கள். எட்டானர்செப்ட் ஆய்வில் யாரையும் சும்மா விடவில்லை, எல்லோருக்கும் ஸ்டீராய்டு கிடைத்தது. எது நல்லது என்று தெரியாத இடத்தில்தான் குலுக்கலுக்கே இடம் உண்டு. முன்பே தெரிந்திருந்தால் குலுக்குவது குற்றம்.

இதோடு ஒப்பிட்டால், ஆய்வே இல்லாமல் ‘கொடுத்துப் பார்க்கும்’ டாக்டர் செய்வதும் பரிசோதனைதான். அங்கே ஒப்புதல் படிவம் கிடையாது, கணக்கு எழுதுபவர் கிடையாது, தப்பாகப் போனால் நிறுத்தச் சொல்லும் கண்காணிப்புக் குழு கிடையாது, இழப்பீடும் கிடையாது. நோயாளி சோதனை எலியாவது எங்கே என்று பார்த்தால், அந்தப் புகார் அங்கேதான் அதிகம் பொருந்துகிறது. நல்ல எண்ணத்தோடு செய்வதால் அதை யாரும் கேட்பதில்லை.

வேலூர் சிஎம்சி 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று செய்துவருகிறது. சென்னையிலும் பல மையங்கள் இருக்கின்றன. சிகிச்சை தரும் திறனில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பல மையங்கள் சேர்ந்து ஒரே கேள்விக்கு எண்ணிப் பதில் தேடும் பழக்கம்தான் இன்னும் பெரிதாக வளர வேண்டும். இங்கே வரும் தொற்றுகள் வேறு, காசநோய்ப் பின்னணி வேறு, ஒரு குடும்பம் தாங்கக்கூடிய செலவு வேறு. பிரான்ஸில் கிடைத்த பதில் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று உட்கார்ந்திருக்க முடியாது.

இப்போது நிலைமை என்ன?

எஃப்டிஏ எச்சரிக்கை, அடைப்பு வராமல் தடுக்கக் கொடுப்பதைப் பற்றியது. ஏற்கெனவே வந்தவர்களுக்குக் கொடுக்கலாமா என்பதில் இழுபறி நீடிக்கிறது. இன்ஹேலரில் ஃபுளூட்டிகாசோன், அதோடு அசித்ரோமைசின், மாண்டிலூகாஸ்ட் என்று மூன்றையும் சேர்த்து, ஆரம்பத்தில் கொஞ்சம் ஸ்டீராய்டும் கொடுக்கும் முறை ஒன்று 36 பேரிடம் சோதிக்கப்பட்டு 2016இல் முடிவு வந்தது. மூன்று மாதத்தில் 6 சதவீதம் பேருக்கு மட்டுமே சிகிச்சை தோற்றது. பழைய பதிவுகளின் அடிப்படையில் 40 சதவீதம் தோற்கும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் இதிலும் மறுதரப்பு இல்லை. மூன்றில் எது வேலை செய்தது என்றும் தெரியாது. 15க்கு 10 கதையைப் படித்தவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிப்பது நல்லது.

அடைப்பு வந்த பிறகு அசித்ரோமைசின் எடுத்தவர்களை அமெரிக்க டாக்டர்கள் பின்னோக்கிப் பார்த்து 2020இல் வெளியிட்ட ஆய்வு, பழைய புற்றுநோய் திரும்புவது கூடவில்லை என்றது. புதிதாக வேறு புற்றுநோய் வரும் அபாயம் மட்டும் கூடுதலாகத் தெரிந்தது. அதுவும் குலுக்கல் ஆய்வு இல்லை.

புதிய மருந்துகளும் வந்திருக்கின்றன. நாள்பட்ட கிராஃப்ட் வெர்சஸ் ஹோஸ்ட் நோய்க்கு ரக்ஸோலிட்டினிப், பெலுமோசுடில் இரண்டுக்கும் 2021இலும், ஆக்ஸாட்டிலிமாப் மருந்துக்கு 2024இலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தோல், வாய் போன்ற இடங்களில் தெரியும் முன்னேற்றம் நுரையீரலில் அதே அளவு தெரிவதில்லை. தழும்பு விஷயத்தில் நுரையீரல் பிடிவாதமான உறுப்பு. விலையோ சாமானியர் நினைத்துப் பார்க்கும் தொகையில் இல்லை. அதனால்தான் மலிவான பழைய மருந்துகள் மீதான ஆசை விடாமல் தொடர்கிறது. அந்த ஆசையில் தப்பில்லை. சின்னதாக நடந்த இன்னொரு பிரெஞ்சு ஆய்வில், ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் புடசோனைடு-ஃபார்மோட்டிரால் இன்ஹேலர், வெற்று இன்ஹேலரோடு ஒப்பிட்டபோதே மூச்சுத் திறனைக் கூட்டியது. பழைய மருந்து, மலிவு, முறையாகச் சோதித்து ஜெயித்தது.

சாதாரணத் தொற்றுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த அசித்ரோமைசினை இதைப் படித்துவிட்டு யாரும் நிறுத்த வேண்டியதில்லை. அலோசித்ரோ சோதித்தது மூன்று நாள் கோர்ஸை அல்ல. கொடையாளர் ஸ்டெம் செல் பெற்றவர்களுக்கு, மாற்று சிகிச்சைக்கு உடலைத் தயார்படுத்தும் கட்டத்திலிருந்து தொடர்ந்து இரண்டு வருடம் கொடுப்பதை. மாற்று சிகிச்சை பெற்றவர்களும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் இரண்டு விஷயத்தை மட்டும் மனதில் வைக்கலாம். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையை ‘நல்லாத்தானே இருக்கோம்’ என்று தள்ளிப்போடக் கூடாது. அறிகுறி தெரிவதற்கு முன்பே மூச்சுத் திறன் இறங்குவதை அதுதான் காட்டும். மற்றது, சளி பிடித்தால் மெடிக்கல் ஷாப்பில் நேராகப் போய் மாத்திரை கேட்பதற்கு முன்னால், மாற்று சிகிச்சை செய்த டாக்டருக்கு ஒரு போன்.